மூடாத கடலும் தொண்ணூற்றாறு குடமும்

மூன்று ராசாக்கள் திருநாளுக்கு மறுநாள் காலை ஏழு நாற்பதுக்குச் சங்குமுனைக் கரையில் நின்றவர்கள்: பெண்கள் எண்பத்தெட்டுப் பேர், ஆண்கள் எழுபத்தொரு பேர், பிள்ளைகள் நாற்பத்தொன்பது பேர், பங்குச் சாமியார் ஒருவர், அவருக்குக் குடை பிடித்த உபதேசியார் ஒருவர், ஊசி போட வந்த இடத்தில் வேடிக்கை பார்க்க நின்றுவிட்ட நர்ஸம்மா ஒருவர், தூத்துக்குடியிலிருந்து வந்த போட்டோக்காரர் ஒருவர், எதற்கு அனுப்பினார்கள் என்று தெரியாமல் நின்ற போலீஸ்காரர்கள் இரண்டு பேர், ஆக இருநூற்றுப் பதினான்கு. கப்பலில் ஏழு பேர். இதைக் கஸ்பார் இரண்டு தடவை எண்ணினார், இரண்டு தடவையும் சரியாக வந்தது.

எண்ணியதற்குக் காரணம் கூச்சம். அத்தனை பேர் தன்னைப் பார்க்கும்போது கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாத மனிதர், எண்ணினால் கண்ணுக்கு ஒரு வேலை இருக்கும் என்று அறுபத்துமூன்று வயது வரை எண்ணியே காலத்தைத் தள்ளியவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது, எண்ணுவது நிற்கவில்லை. அதனால்தான் தண்டல் பொனிப்பாஸ் அவரைத் தண்ணீர்த் தொட்டிக்குக் காவலாக வைத்தார். கப்பலின் தலைவரைத் தண்டல் என்பது அந்தக் கரையின் வழக்கம். வாழ்நாள் முழுக்கக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் மட்டுமே போய்வந்த பொனிப்பாஸ், இயந்திரமே இல்லாமல், வெறும் பாயை நம்பி, பெருங்கடலைக் கடந்து மொரீசியஸ் வரை ஒருதடவை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று அறுபதடி நீளத்தில் ‘தெரேசம்மாள்’ என்ற அந்தக் கப்பலைக் கட்டியிருந்தார்.

கஸ்பாருக்குப் பெருங்கடலில் ஆசை இல்லை. அவருடைய ஒரே மகள் எமரென்சி கல்யாணமாகி மொரீசியஸ் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. விமானத்தில் போகலாம்தான், பக்கத்து இருக்கையில் யாராவது உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் என்ன சொல்வது என்று பயந்தே பன்னிரண்டு வருடம் போகாமல் இருந்தவர், கப்பலில் கூட வருகிற ஆறு பேரும் தெரிந்தவர்கள் என்றதும் ஒத்துக்கொண்டார்.

பாயை ஏற்றுவதற்கு முன் தண்டல் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “இந்தாரும் வே, தொட்டியில ஆயிரத்து எண்ணூறு செம்புத் தண்ணி. ஏழு பேருக்கு ஒரு நாளைக்கு இருபத்தெட்டுச் செம்பு. பதினாலாம் நாளு பூமத்திய ரேகையத் தாண்டுவோம். தாண்டும்போது ஆயிரத்துக்கு ஒரு செம்பு குறைஞ்சாலும் பாயத் திருப்பி ஊருக்கு விட்டுருவேன். மகளப் பாக்கணும்னு அழுதாலும் கேக்க மாட்டேன்.”

“குறையாது தண்டலே,” என்றார் கஸ்பார். கணக்குப்படி ஆயிரத்து நானூற்று எட்டு இருக்க வேண்டும். தொட்டியின் பக்கவாட்டில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்தார்.

வாடைக்காற்று பாயை வயிறு போல உப்ப வைக்க, தெரேசம்மாள் துள்ளிக்கொண்டு கிளம்பினாள். எந்தக் கப்பல் போனாலும் அதன் பின்னால் வெள்ளையாக ஒரு தடம் விழும், கொஞ்ச நேரத்தில் கடல் அதை மூடிவிடும். தெரேசம்மாள் விட்ட தடத்தைக் கடல் மூடவில்லை. ஆறடி அகலத்துக்கு, தேங்காய்ப்பால் நிறத்தில், அலை ஏறினால் ஏறியும் இறங்கினால் இறங்கியும், சங்குமுனைக் கரையிலிருந்து கப்பலின் பின்கட்டை வரை அது அப்படியே கிடந்தது. சாயங்காலம் வரை பார்த்துவிட்டுத் தண்டல், “அது பாட்டுக்குக் கிடக்கட்டும், நமக்கு முன்னாலதான வேலை,” என்று சொல்லிவிட்டார்.

இரண்டாம் நாள் காலை எட்டேகாலுக்கு, முந்தானையை இடுப்பில் செருகி, செருப்பைக் கையில் பிடித்து, அந்தத் தடத்தின்மேல் நடந்து மதலேன் மயினி வந்து சேர்ந்தாள். இறந்துபோன அண்ணனின் மனைவி. கஸ்பாருக்கு இருபது வருடமாகச் சோறு போட்டவள்.

“கண்ணாடிய ஜன்னல்ல வெச்சுட்டுப் போனா எப்படிப்பா கணக்கு எழுதுவ?” என்று மூக்குக்கண்ணாடியை நீட்டினாள். அதற்குப் பிறகுதான் சுற்றிலும் கடலைப் பார்த்தாள். “ஒன்றரை மணி நேர நடை. உடன்குடிச் சந்தைக்குப் போறதுகூட இதவிடத் தூரம். தொண்டை காஞ்சு போச்சு, தண்ணி இருக்கா?”

கஸ்பார் அரைச் செம்பு கொடுத்தார். அவள் அண்ணாந்து குடித்துவிட்டு, சமையல்கார குருசுவின் சட்டியைத் திறந்து பார்த்து உப்புப் போதாது என்று சொல்லிவிட்டு, பதினோரு மணிக் குழம்புக்கு மீன் வாங்க வேண்டும் என்று திரும்பி நடந்தாள்.

மூன்றாம் நாள் ஒன்பது பேர் வந்தார்கள். நான்காம் நாள் நாற்பது பேர். கப்பல் எவ்வளவு தூரம் போனாலும் நடை அதே ஒன்றரை மணி நேரம்தான் என்பது தெரிந்த பிறகு, சங்குமுனையில் அதைப் பற்றி ஆச்சரியப்பட ஒருவருக்கும் நேரம் இல்லாமல் போயிற்று, ஏனென்றால் வேலை அவ்வளவு இருந்தது: பஞ்சாயத்தில் கூட்டம் போட்டு இருசக்கர வாகனம் கூடாது என்று கரையில் பலகை நட வேண்டியிருந்தது, வருகிறவர்கள் இடப்பக்கமா போகிறவர்கள் இடப்பக்கமா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது, கடல்மேல் நடப்பதற்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமா என்று கேட்டவர்களுக்குச் சாமியார், “தூத்துக்குடி பஸ்ல ஏறுறதுக்கு முன்னால செய்தீகளா?” என்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. பதினாறு வருடமாகப் பேசாமல் இருந்த இரண்டு சம்பந்தகாரிகள் அந்த ஆறடி அகலத்தில் எதிரெதிரே வந்துவிட்டு, யார் ஒதுங்குவது என்பதில் ஆரம்பித்த சண்டை, கப்பலுக்கு வந்து சேர்வதற்குள் ஒருவர் தலையில் இன்னொருவர் பேன் பார்க்கும் அளவுக்குப் போயிற்று. நர்ஸம்மா வந்து ஏழு பேருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தாள். ஒரு குடும்பம் மேல்தளத்தில் பாய் விரித்துப் பெண் பார்க்கும் சடங்கையே நடத்தியது. மாப்பிள்ளைக்கு அலையில் தலை சுற்றியதால் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஏன் கடல் மூடவில்லை என்பதற்குச் சங்குமுனையில் நான்கு கட்சி இருந்தது. ஒன்று மாதாவின் அற்புதம் என்றது, ஒன்று கப்பலுக்கு அடித்த பெயின்ட் என்றது, ஒன்று அரசாங்கம் என்றது, நான்காவது கட்சி மற்ற மூன்றும் தப்பு என்று மட்டும் சொன்னது.

டீக்கடை இஞ்ஞாசி கடையைப் பாதிவழிக்கு மாற்றினான். அலையில் டீ சிந்தியதால் டீயை விட்டுவிட்டுக் காரச்சேவு போட்டான். மிளகும் மிளகாய் வற்றலும் தூக்கலாகப் போட்ட காரச்சேவு. அதைத் தின்றுகொண்டே மீதி முக்கால் மணி நேரம் நடந்து கப்பலில் ஏறும் ஒவ்வொருவரும் நாக்கை வெளியே நீட்டாத குறையாக, “தண்ணி,” என்றார்கள்.

அவர்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள். அவித்த கிழங்கு, நெத்திலிக் கருவாடு, பிள்ளையின் முதல் நன்மைச் சடங்குக்கு எடுத்த கேக்கில் ஒரு துண்டு, கல்யாணப் பத்திரிகை, தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தித் தின்று தீர்க்க வேண்டிய பன்றிக்கறி ஊறுகாய். தண்ணீர் மட்டும் கொண்டுவரவில்லை. ஒரு வீட்டுக்குப் போகும்போது தண்ணீரைக் கையில் எடுத்துப் போனால், உன் வீட்டுத் தண்ணீர் எனக்கு வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னது போல. சங்குமுனையில் கொலைப் பகை உள்ள வீட்டுக்குக்கூட யாரும் அப்படிப் போனதில்லை. கப்பலில் இருந்தவர்களாவது ஊருக்கு நடந்து போய் எடுத்துவரலாமே என்றால், பயணம் சொல்லிக் கிளம்பியவன் போய்ச் சேராமல் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. ஏழு பேரில் ஒருவர்கூடத் தடத்தில் ஓர் அடி வைக்கவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லக் கஸ்பாருக்கு வாய் வரவில்லை. கேட்பதற்கு முன்பே செம்பை நீட்டினார், நீட்டிவிட்டுச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டார்.

பத்தாம் நாள் நூறு பேர் வந்தார்கள். அன்று சாயங்காலம் கஸ்பார் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டினார். கப்பல்காரர்கள் குடித்தது இருநூற்று எண்பது. வந்தவர்கள் ஐந்நூற்று அறுபது பேர், அவர்கள் குடித்தது இன்னோர் இருநூற்று எண்பது. தொட்டியில் இருப்பது ஆயிரத்து இருநூற்று நாற்பது. இன்னும் நான்கு நாளும் நூறு நூறு பேர் வந்தால், பூமத்திய ரேகையில் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு. எழுபத்திரண்டு செம்பு குறையும். தண்டல் பாயைத் திருப்பிவிடுவார். பன்னிரண்டு வருடம் காத்திருந்த எமரென்சி இனிமேலும் காத்திருப்பாள்.

குருசு எட்டிப் பார்த்துவிட்டு, “கேட்டுத்தான் பாருமேன் வே, ஆளுக்கொரு குடம் கொண்டு வாங்கன்னு,” என்றான்.

“வந்தவங்ககிட்டயா தண்ணி கேக்க?”

“அப்ப மகள போட்டோவுல பாத்துக்கிடும்.”

பதினோராம் நாள் காலை மதலேன் மயினி வழக்கம்போல முதல் ஆளாக வந்து ஏறினாள். கஸ்பார் செம்பை நீட்டினார். அவள் வாங்கி அண்ணாந்தபோது, “மயினி,” என்றார்.

“என்னப்பா, முகம் ஒரு மாதிரி இருக்கு? வயித்துக்குச் சரியில்லையா?”

“அதெல்லாம் இல்ல. நாளைக்கு வரும்போது...”

“வரும்போது?”

“வரும்போது ஆளுக்கு ஒரு... ஒரு...”

“குடம்!” என்று அடுப்படியிலிருந்து குருசு கத்தினான்.

“ஒரு குடம் தண்ணி கொண்டு வரணும் மயினி,” என்று கஸ்பார் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துச் சொல்லி முடித்தார்.

மயினி செம்பைக் கீழே இறக்கினாள். ஒரு சொட்டும் குடிக்கவில்லை. “அப்ப, யாரு யாரு எவ்வளவு குடிச்சாங்கன்னு எண்ணிக்கிட்டேதான் குடுத்தியோ?”

எண்ணவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். கஸ்பாருக்கு எண்ணிக்கையில் பொய் சொல்ல வராது. “ஐந்நூத்தி அறுபது பேரு மயினி. ஆளுக்கு அரைச் செம்பு.”

“நான் எவ்வளவு?”

“ஒம்பது நாளு. நாலரைச் செம்பு.”

அவள் செம்பைத் தொட்டிமேல் வைத்தாள், முந்தானையை உதறிப் போர்த்திக்கொண்டாள், தடத்தில் இறங்கினாள். எதிரே வந்துகொண்டிருந்த பதின்மூன்று பேரையும், பாதிவழியில் இஞ்ஞாசியையும், அவனுடைய காரச்சேவு டின்னையும் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனாள்.

அன்றைக்கு அப்புறம் ஒருவரும் வரவில்லை. பன்னிரண்டாம் நாளும் வரவில்லை, பதின்மூன்றாம் நாளும் வரவில்லை. தடத்தில் ஆள் நடந்தால் கப்பலின் பின்கட்டையில் கை வைத்தால் போதும், காலடி உள்ளங்கையில் தெரியும். கஸ்பார் மணிக்கு ஒருமுறை போய்க் கை வைத்துப் பார்த்தார், கட்டை கட்டையாகவே இருந்தது. குருசு பழக்கத்தில் முப்பது பேருக்கு உலை வைத்துவிட்டு, யார் தின்பது என்று தெரியாமல் மீனுக்குப் போட்டான். தண்டல் தொட்டியைத் தட்டிப் பார்த்து, “ஆயிரத்துக்கு மேல நல்லா நிக்குது. கேட்டது நல்லதாப் போச்சு வே, இனி ஒம்ம மகளப் பாத்துருவீரு,” என்றார்.

பார்த்துவிடலாம்தான். ஆனால் அப்பா என்று ஓடிவந்து கையைப் பிடித்ததும் அவள் கேட்கப்போகிற முதல் கேள்வி, ஊரில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்பதுதான். பெரியம்மா எப்படி இருக்கிறாள் என்பதுதான். குடித்த தண்ணீரைச் சொல்லிக்காட்டி ஊரையே விரட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? மகளைப் பார்ப்பதற்கு மகள் பிறந்த ஊரைக் கொடுத்துவிட்டது போல அவருக்கு இருந்தது. மூன்று நாளும் அவர் தன் பங்குத் தண்ணீரில் பாதியைத் தொடவில்லை. தொடாததைத் தொட்டியிலேயே ஊற்றாமல் குருசுவின் உலையில் ஊற்றினார், கணக்குக் கலையக்கூடாது என்று.

பதினாலாம் நாள் விடிந்தது. கஸ்பார் அன்றைய இருபத்தெட்டுச் செம்பை அளந்து கொடுத்துவிட்டு, தொட்டியில் ஆயிரத்து நூற்று இருபத்தெட்டு என்று எழுதினார். பூமத்திய ரேகை பத்து மணி வாக்கில் வரும் என்று தண்டல் சொல்லியிருந்தார். ஒன்பதே காலுக்குக் கஸ்பார் எதையும் நினைக்காமல் பின்கட்டையில் கை வைத்தார். கை அதிர்ந்தது. நடக்கிற அதிர்வு இல்லை. தேர் இழுக்கும்போது தெரு அதிர்வது போல அதிர்ந்தது. மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுப் பார்த்தார். வெள்ளைத் தடத்தில், கண்ணுக்கு எட்டிய தூரத்தில், பச்சை, சிவப்பு, நீலம், ஆரஞ்சு, வெயிலில் வெளுத்த ரோஸ் என்று புள்ளி புள்ளியாக ஏதோ ஆடி ஆடி வந்தது.

“குடம்!” என்று குருசு அடுப்பை விட்டுப் பாய்மரத்தில் தொற்றிக்கொண்டு கத்தினான். “குடம் வே! பூராவும் குடம்! சாமியார் தோள்லயும் ஒன்னு இருக்கு!”

தலையில் குடம், இடுப்பில் குடம், கழியில் கட்டி இரண்டு பேர் தூக்கிய குடம். முன்னால் பச்சைக் குடத்தோடு மதலேன் மயினி, அவளுக்குப் பின்னால் சங்குமுனையின் தொண்ணூற்றாறு வீட்டிலிருந்தும் வீட்டுக்கு ஒரு குடம். தளும்பிய தண்ணீர் தடத்தில் விழுந்து, கடலுக்கு நடுவே நல்ல தண்ணீர் வாசனை அடித்தது.

கஸ்பார் கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தார். தண்டல்தான் கேட்டார், “என்ன மதலேனம்மா, மூணு நாளா ஆளையே காணோம்? கோவமோ?”

“கோவந்தான். எண்ணிப் பாத்துக் குடுத்தான்னா கோவம் வராதா?” என்று குடத்தை இறக்கி வைத்தாள் மயினி. “அதுக்காகக் கோவப்பட்டா குழாயில தண்ணி வந்துருமா? நாலு நாளைக்கு ஒருதடவதானய்யா விடுறான். இவன் கேட்டதுக்கு முந்தின நாளு வந்தது, எல்லாத்தையும் துணி துவைச்சுத் தீத்துட்டோம். இன்னைக்குக் காலையிலதான் மறுபடி வந்துச்சு. கேட்டது குடம். குடம் இல்லாம வர முடியாது. வெறுங்குடத்தோட வரலாமா? பயணத்துல இருக்குற ஏழு பேருக்கு எதுத்தாப்புல தொண்ணூத்தாறு வெறுங்குடம்! நாங்க என்ன, உங்கள ஒரேயடியா அனுப்பி வைக்கவா வாறோம்?”

“அதனாலதான் வரலையா மயினி?” என்றார் கஸ்பார். பதினாலு நாளில் அவர் ஒருவரின் முகத்தைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

“பின்ன? வாயத் தொறந்து ஒன்னு கேக்க உனக்கு அறுபத்திமூணு வருசம் ஆச்சு. அதக் குடுக்க எங்களுக்கு மூணு நாளு ஆகக் கூடாதா? எண்ணுப்பா, எண்ணு. குறையுதுன்னு அப்புறம் சொல்லக் கூடாது.”

எண்ணினார். கைக்குக் கை மாறிக் குடங்கள் ஏறின. சாமியார் ஊற்றினார், போலீஸ்காரர்கள் ஊற்றினார்கள், பேன் பார்த்த சம்பந்தகாரிகள் யார் குடம் முதலில் என்று மறுபடி சண்டை போட்டுக்கொண்டே ஊற்றினார்கள், காரச்சேவுக் கையோடு ஊற்ற வந்த இஞ்ஞாசியை மட்டும் எல்லாரும் சேர்ந்து விரட்டினார்கள். குடத்துக்குப் பதினைந்து செம்பு. நாற்பத்துநான்கு குடமும், நாற்பத்தைந்தாவதில் பன்னிரண்டு செம்பும் ஊற்றியபோது தொட்டி விளிம்பு தட்டி வழிந்தது, வழிந்த தண்ணீரில் பிள்ளைகள் உருண்டார்கள், வாடைக்காற்று மாறி மாறிப் பாயை அறைந்தது. அந்தக் கூச்சலில் பூமத்திய ரேகையைத் தாண்டியதை ஒருவரும் கவனிக்கவில்லை; தண்டல் மட்டும் சுக்கானைப் பிடித்தபடி தொப்பியைக் கழற்றித் தனக்குத்தானே ஒரு சல்யூட் அடித்துக்கொண்டார்.

மீதிக் குடங்களை எடுத்துப் போங்கள் என்று தண்டல் சொன்னபோது மயினி முறைத்தாள். கொடுத்த தண்ணீரைத் தூக்கிக்கொண்டு எந்த மானமுள்ளவர் திரும்பிப் போவார்? ஐம்பத்தொரு நிறைகுடமும், மூன்று செம்புத் தண்ணீர் கிடந்த ஒரு குடமும், நாற்பத்துநான்கு காலிக்குடமும் மேல்தளத்தில் வரிசையாக நின்றன. அதன் பிறகு ஊர் பழையபடி வந்தது, பழையபடி குடித்தது, ஆனால் தொட்டியிலிருந்து இல்லை, அந்தக் குடங்களிலிருந்து, கஸ்பாரும் பழையபடி எண்ணினார், யாரும் கோபப்படவில்லை, வேண்டுமென்றே, “நான் இதுவரைக்கும் எவ்வளவு தாத்தா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். முப்பத்தொரு நாளில் ஆயிரத்து ஐந்நூற்று ஆறு பேர் வந்து குடித்ததில் ஐம்பது குடமும் அந்த மூன்று செம்பும் தீர்ந்தன. மயினியின் பச்சைக் குடத்தைக் கஸ்பார் யாருக்கும் திறக்கவில்லை.

நாற்பத்தைந்தாம் நாள் காலை மொரீசியஸின் மலைகள் தெரிந்தன. மதியத்துக்கு முன் தெரேசம்மாள் போர்ட் லூயி துறைமுகத்தில் கயிறு கட்டினாள். துறைமுக அதிகாரி ஒருவர் தாளோடு வந்து, கப்பலுக்குப் பின்னால் அடிவானம் வரை கிடந்த வெள்ளைத் தடத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், அதை எழுதுவதற்கு அதில் கட்டம் இல்லாததால் முத்திரை குத்திவிட்டுப் போனார்.

எமரென்சி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். அவளும் அப்பனைப் போலக் கூச்சக்காரி. எதிரே வந்து நின்றதும் இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். கஸ்பார் பச்சைக் குடத்தைத் திறந்து ஒரு செம்பு மொண்டு நீட்டினார். அவள் அண்ணாந்து, நிறுத்தாமல், கழுத்து வழியே வழிய வழியக் குடித்து முடித்தாள்.

“யப்பா,” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நம்ம ஊருக் குழாத்தண்ணி. பிளீச்சிங் பவுடர் வாசனகூட மாறலையே! பெரியம்மா எப்படி இருக்கா?”

“இருக்கா. அந்தக் குடங்கள நீயே கொண்டு போய்க் குடுத்துட்டுக் கேளு. ஒன்றரை மணி நேரந்தான்.”

அவள் திரும்பித் தடத்தைப் பார்த்தாள், மேல்தளத்தில் நின்ற காலிக்குடங்களைப் பார்த்தாள், உடனே கூச்சமெல்லாம் பறந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “வாங்குன பாத்திரத்த வெறுமனேயா திருப்பிக் குடுப்பாங்க? கொஞ்சம் இருங்க.” அவள் புருஷனுக்குக் கரும்பாலையில் வேலை. அவள் ஓடிய ஓட்டத்தில் தெரு எழுந்தது, தெரு எழுந்ததில் பக்கத்துத் தெரு எழுந்தது. தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில் கப்பலேறி வந்த பிறகு அந்தக் கரையை ஒருதடவைகூடப் பார்க்காதவர்கள், பாதித் தமிழும் பாதி வேறு பாஷையுமாகக் கத்திக்கொண்டு, வீட்டுக்கு ஒருவராக வந்து குடங்களில் சர்க்கரையை அமுக்கி அமுக்கி நிரப்பினார்கள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, தலைக்கொரு குடத்தோடு, எமரென்சி முன்னால் போக, ஒவ்வொருவராகத் தடத்தில் இறங்கினார்கள்.

“வாங்கப்பா!” என்று அவள் தண்ணீர்மேல் நின்று கூப்பிட்டாள். “போய்ச் சேந்தாச்சுல்ல, இனி வீட்டுக்கு வரலாம்ல!”

“எண்ணி முடிச்சுட்டு வாறேன், நட!” என்று கஸ்பார் ஊரே கேட்கும்படி கத்தினார்.

இறங்கிய சர்க்கரைக் குடம் தொண்ணூற்றைந்து. தொட்டியில் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு செம்பு. பச்சைக் குடத்தில் எமரென்சி குடித்தது போக, மிச்சம் பதினான்கு.